அணைய விடாதீங்க

பிப்ரவரி 11
இன்றும் நானும் தம்பியும் ஆட்களுமாக உலையின் தெற்குச் சுவரில் கல் மாற்றினோம். பாட்டில் கம்பெனி திவாலாகி, கோர்ட் ஓர் அதிகாரியை நியமித்து ஐந்து மாதம் ஆகிறது. எல்லா மெஷினும் தூசு படிந்து கிடக்கிறது. உலை மட்டும் எரிகிறது. ஒருமுறை குளிர்ந்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகும், சுவர் பிளக்கும், பிறகு இடித்துத் தள்ளத்தான் லாயக்கு. கண் கூசாமலிருக்க உள்ளங்கை அளவு நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, உலைச் சுவரின் துவாரத்தில் எட்டிப் பார்த்தேன். அதையும் மீறி வெள்ளை வெளேரென்று, ஒரு குளம் அளவு நெருப்பு. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் வாயடைத்துத்தான் போகிறது.

தம்பிக்கு அதெல்லாம் இல்லை. "அக்கா, நம்ம கான்ட்ராக்ட் பாக்கியே தராத கம்பெனி இது. இதுக்குப் போய் உயிர விடறியே!"

பிப்ரவரி 12
கடன் கொடுத்தவர்கள் மனுப் போடும் கடைசித் தேதி அக்டோபரிலேயே முடிந்துவிட்டதாம்! கேண்டீன்காரர் சொன்னார். அவர் டீக்கணக்குக்கே மனுப் போட்டிருக்கிறார். பேப்பரில் விளம்பரம் வந்ததாம். அக்டோபரில் நான் பேப்பரா படித்தேன்? உலையின் கூரை இறங்கிக்கொண்டிருந்தது, முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14
கடனுக்கு வாங்கிய கல்லுக்கு அடகாக, வீட்டுப் பத்திரம் கல் சப்ளை செய்பவரிடம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

பிப்ரவரி 17
அதிகாரியின் ஆபீஸ். மேசைமேல் குண்டூசிகூட இடம் மாறாத மனிதர். திவாலுக்கு முன் செய்த வேலை, பின் செய்த வேலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்தேன்.

"தேதி தாண்டிடுச்சும்மா. உங்களச் சேத்தா மத்தவங்க பங்கு குறையும். எனக்கு அந்த அதிகாரம் இல்ல. கோர்ட்டுக்குப் போங்க."

"நீங்கதானே சார் ஃபோன்ல அணைய விடாதீங்கன்னு சொன்னீங்க?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. வாய்வார்த்தையை நம்பி வீட்டையே வைத்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல — சரி, விடு.

மார்ச் 3
நாளை விசாரணை. சோறு இறங்கவில்லை.

மார்ச் 4
கோர்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கியின் வக்கீல் வெளுத்து வாங்கினார். கம்பெனியை வாங்க வரும் புது முதலாளியின் திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டாயிற்று, இனி ஒருவரை நுழைத்தால் எல்லார் கணக்கும் கலைந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்றார் நீதிபதி அம்மா.

"விட்டுட்டு வந்தா உலை வெடிச்சிடும்மா."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனுவை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல பாதி, கேஸ் ஆரம்பிச்ச பிறகு செஞ்ச வேலை. இது பழைய கடனே இல்லையே? கம்பெனியக் காப்பாத்த ஆன செலவு. அதுக்கு இந்தக் கடைசித் தேதியே பொருந்தாது, முதல்ல குடுக்க வேண்டியது. ஆனா உங்கள செய்யச் சொன்னது யாரு?"

திரும்பிப் பார்த்தேன். அதிகாரி முன்வரிசையில்தான் இருந்தார். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை போதும், நான் நடுத்தெரு.

எழுந்தார். "நான்தான் சொன்னேன். எழுதிக் குடுக்காதது என் தப்பு."

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நிறைந்த கோர்ட்டில், அந்தக் குண்டூசி மனிதர்! இதை எப்படி எழுதுவது? உலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன்.

மார்ச் 21
தீர்ப்பு. பின் செய்த வேலைக்கு முழுப் பணம், எல்லாருக்கும் முன்னால். முன் செய்த வேலைக்கு ஒன்றும் இல்லை. ஓட்டு முடிந்த பிறகு கதவைத் திறக்க முடியாதாம். இரண்டு வருஷ உழைப்பு அம்போ. தம்பி கத்தினான். நான் அழுதேன், பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9
பத்திரம் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார்.

மே 2
புது முதலாளி வந்துவிட்டார். பாட்டில்கள் வரிசையாக இறங்குகின்றன. அதிகாரி சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தவர், என்னிடம் தயங்கித் தயங்கி, "ஒரு தடவ பாக்கலாமா?" என்றார்.

நீலக் கண்ணாடியைக் கொடுத்தேன். துவாரத்தில் குனிந்தவர் நிமிரவே இல்லை. முகமெல்லாம் வியர்வை.

"இதப் பாக்காமலேயே அணைய விடாதீங்கன்னு சொல்லியிருக்கேம்மா."

அவ்வளவுதான் பேசினார். ஏதோ நினைவில் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தம்பி திருப்பி வாங்கி வர ஓடினான். வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.