கண்ணாடிக்குள் தெரிந்தால் காணும்

இன்று காலை புறப்படும்போது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீர் ஒட்டிவைத்த மஞ்சள் தாள் ஓரம் கிளம்பியிருந்ததைப் பார்த்தேன். 'மறுபக்கம்' என்று உம்முடைய கையெழுத்தில் ஒரே ஒரு சொல். அம்மாவின் எழுத்து என்றும் பாராமல் மகள் அதைக் கிழிக்கக் கை நீட்டினாள். நான் விடவில்லை. டேப் எடுத்துத் திரும்பவும் ஒட்டினேன்.

காருக்குப் பின்னால் கரவனை, அந்தச் சக்கர வீட்டை, கொளுவிவிட்டுப் பின்னுக்கு எடுக்கும்போது, நாம் நினைக்கிற பக்கத்துக்கு மறுபக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இருபது வருடம் லண்டன் பஸ் ஓட்டிய உமக்கே முதல் கோடையில் அது பிடிபடவில்லை. அதற்காக எழுதி ஒட்டிய தாள் அது.

நாங்கள் கரவன் கிளப்பில் சேர்ந்த கதை, லண்டனில் நாங்கள் இருக்கும் டூட்டிங் முழுக்கப் பரவியபோது, மரக்கறிக் கடையில் எல்லோருக்கும் கேட்க என் மச்சான் நக்கலடித்தான். "முகாமிலை இருந்து தப்பி வந்தனீங்கள். இப்ப காசு குடுத்து முகாமுக்குப் போறியளோ?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீர் முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்தபடியே சொன்னீர்: "ஓம். அந்த முகாமின்ரை பூட்டும் திறப்பும் ஆமிக்காரன்ரை கையிலை. இதின்ரை திறப்பு என்ரை கையிலை." மச்சான் ஒன்றும் வாங்காமலே போய்விட்டான்.

பிறகு வருடாவருடம் இந்தச் சின்னப் பட்டினத்தின் மரபுத் திருவிழாவுக்கு கிளப்போடு வந்தோம். ஒரே புல்வெளியில் இருபது கரவன்கள். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் பழைய மண்டபங்களை அன்று திறந்துவிடுவார்கள். பின்னேரம் எல்லோரும் கதிரைகளை வட்டமாகப் போட்டு, கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்வோம். நீர் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ்தான் முதலில் முடியும். ஊர்வலத்தில் பழைய சிவப்பு பஸ் வரும்போது நீர் மட்டும் எழுந்து நிற்பீர், கோயில் தேர் வந்ததுபோல.

நீர் கரவனை இடத்தில் விடும்போது பின்னால் நின்று கை காட்டுவது என் உத்தியோகம். பெரிய பொறுப்பு என்று நினைத்திருந்தேன். ஆறு வருடம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னீர். "உங்கடை கையை நான் ஒருநாளும் பார்க்கேல்லை. பார்த்திருந்தால் வேலிக்குள்ளைதான் போயிருப்பம்." பிறகு ஏன் என்னை நிற்க வைத்தீர் என்று கேட்டேன். "நீங்கள் கண்ணாடிக்குள்ளை தெரிஞ்சால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

நீர் போய்ப் பதினொரு மாதம். எனக்கு உம்மில் கோபம்தான். கரவனை ஓட்டக் கற்றுத்தராமலே போய்விட்டீர். மகள் நாலு மாதமாக ஒரே பாட்டு. "அப்பா, உங்களுக்கு அறுபத்தொன்பது வயசு. கரவனை வித்திடுவம், ப்ளீஸ்." கடைசியில் நான் சொன்னேன்: "இந்தமுறை ஒருத்தற்றை கையும் படாமல் நானே கொண்டுபோய் அதின்ரை இடத்திலை விடுறன். ஏலாட்டி நீ வித்துப்போடு." அதைப் பார்க்கத்தான் அவளும் என்னோடு வந்தாள்.

இங்கே வந்து புல்வெளியில் பின்னுக்கு எடுத்தபோது, முதல் தடவை கரவன் குறுக்கே மடங்கியது. இரண்டாம் தடவை வேலியை உரசப் பார்த்தது. தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு நாலு பேர் கையால் தள்ள வந்தார்கள். முன்னால் வந்தவர் கிளப் தலைவர் பீற்றர். நல்ல மனுசன். உம்முடைய செத்தவீட்டுக்கு மூன்று மணித்தியாலம் ஓட்டி வந்தவர். என்றாலும் யன்னலை இறக்கி, "நோ, பீற்றர்" என்றேன். அவர்கள் ஒரு தள்ளுத் தள்ளினால் நான் தோற்றேன், கரவன் விலைக்குப் போய்விடும். அது போனால் நீர் கடைசியாகச் சிரித்த இடமும் போய்விடும். விட ஏலாது.

மூன்றாம் தடவை கண்ணாடியைப் பார்க்கத் திரும்பியபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மகள் எப்போது இறங்கினாளோ தெரியாது. வித்திடுவம் என்று நின்றவள், வழமையாக நான் நிற்கும் இடத்தில் போய் நின்று, என்னைப்போலவே தாறுமாறாகக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையை நான் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் அவள் தெரிந்தாள், காணும். மறுபக்கம் திருப்பினேன். கரவன் உள்ளே போனது.

கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. நிமிர்த்தி விடவா என்று பீற்றர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகள் "நோ, பீற்றர்" என்றாள்.

கரவனின் திறப்பு என் சட்டைப் பையில் இருக்கிறது.