சூட்கேஸில் அடங்காத பச்சை மேட்

3 மே 1995, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. குழாய்த் தண்ணீர் இன்றும் இல்லை.

மேனேஜர் கூப்பிட்டார். அகமதாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை. நம் பம்புகள் ஆறு அங்கே போகின்றன. பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வர நாற்பது நாள். டிராயிங் பார்த்துச் சொல்ல நான், மாட்ட ஃபிட்டர் முருகேசன். இருவருக்கும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் ரயிலேற வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் போர்வை ஞாபகம்.

ஜூன் 18 கவிதா ஊட்டி ஹாஸ்டலுக்குப் போகிறாள். நான் திரும்புவது 16. போர்வை பாதிகூட ஆகவில்லை. "கடையில் வாங்காதே, அப்பா தைத்துத் தருகிறேன்" என்று மகளிடம் பெருமையடித்தது நான்தான். அங்கே போய் முடித்தால்தான் உண்டு. அதுவும் முருகேசன் கண்ணெதிரில்!

நாலு வருஷத்துக்கு முன் கால் உடைந்து படுத்திருந்தபோது, பொழுது போகாமல் மனைவி சரோஜாவின் ரவிக்கைத் துண்டுகளை வெட்டி ஒட்டுத் தையல் போட ஆரம்பித்தேன். கால் சரியாகிவிட்டது, தையல் விடவில்லை. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. முருகேசனுக்குத் தெரிந்தால் கேன்டீனுக்கே தெரிந்த மாதிரி.

4 மே, வியாழன்

எடுத்துப் போக: ஊசி இரண்டு பாக்கெட். வெள்ளை நூல். துணி (பருத்தி மட்டும்). ஸ்டீல் ஸ்கேல். துணி மேல் உருட்டி வெட்ட, மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சக்கரக் கத்தி. சீரகம் (சரோ. உத்தரவு). மேட்.

துணிக்கு அடியில் போட்டு வெட்டுகிற அந்தப் பச்சை மேட்தான் தகராறு. டிராயிங் ஹாலில் கம்ப்யூட்டர் வந்ததும் கழித்துப் போட்டதை நான் கேட்டு வாங்கி வந்தது. கத்தி பட்டாலும் கீறல் தெரியாது, கட்டம் கட்டமாக அங்குலக் கோடு. மூன்றடிக்கு இரண்டடி. கல்யாணச் சூட்கேஸ் உள்ளளவு 23க்கு 15 அங்குலம்.

சரோஜா பள்ளிக்கூடத்துக் கோடைப் பயிற்சி முகாமிலிருந்து வந்தாள். கழுத்தில் விசில் அப்படியே. விளையாட்டு டீச்சர்.

"ஏனுங்க, தனியாக் கட்டி எடுத்துட்டுப் போயிருங்களே."

"முருகேசன் என்னன்னு கேப்பாரு."

"அப்ப எல்லாத்தயும் இங்கயே வெட்டிப்போட்டுப் போங்க. அங்க போயித் தெச்சாப் போதுமல்லங்க?"

ஆகாது. ஒன்பது துண்டைச் சேர்த்து ஒரு கட்டம் தைத்து, அதை நாலாக அறுத்து, திருப்பிப் போட்டு மறுபடி தைக்கிற டிசைன். பாதி வெட்டு தையலுக்குப் பிறகுதான்.

மேட்டைச் சூட்கேஸ் மேல் வைத்துப் பார்த்தாள். "மேட்ட வெட்டிப்போடுங்க."

இன்னொன்று வேண்டுமென்றால் எங்கே போவது?

5 மே, வெள்ளி

வெட்டியாயிற்று.

சக்கரக் கத்தி இதற்கு உதவாது. பிளேடை ஒடித்து ஒடித்து நீட்டுகிற கத்தியை எடுத்தேன். கம்பெனியில் தகடு வெட்டும் ஷியரிங் மெஷினில் கொடுத்தால் ஒரே நொடி, ஆனால் நூறு கேள்வி. 22க்கு 14 என்று கோடு. மூன்று முறை அளந்தேன்.

ஸ்கேல் நழுவாமல் இருக்க சரோஜா ஒரு முனையிலும் கவிதா மறுமுனையிலும் ஏறி நின்றார்கள். அழுத்தி அறுக்கக் கூடாது, லேசாக ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். கவிதா எண்ணினாள். பதினேழாவது இழுப்பில் ஒரு பக்கம் பிரிந்தது, மறுபக்கமும் அப்படியே. சரோஜா விசில் ஊதினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சூட்கேஸில் வைத்தால் உட்காரவில்லை! அதன் மூலைகள் வளைவு, மேட்டின் மூலைகள் கூர். இருபத்திரண்டு வருஷம் டிராயிங் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. "நீங்க போட்ட பம்பெல்லாம் எப்படிங்க ஓடுது?" என்றாள் சரோஜா. காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்து அவளே நாலு மூலைக்கும் வளைவு போட்டுக் கொடுத்தாள். அறுத்தேன். கச்சிதம்.

மிச்சத் துண்டு கவிதாவுக்கு, பரீட்சை அட்டையாக.

6 மே, சனி

பெரிய முட்டாள்தனம். மேட்டில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைக் கழுவி மொட்டைமாடிச் சுவரில் காயவைத்துவிட்டு ஷேவ் செய்யப் போனேன். அரை மணி நேரம்தான். வந்து பார்த்தால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கவிதா, "பரவால்லீங்கப்பா, நான் கம்பளி கொண்டுபோய்க்கறேன்" என்றாள். அதுதான் தாங்கவில்லை.

சரோஜா உட்காரவிடவில்லை. "வெயில்ல வளஞ்சது சுடுதண்ணில நிமிராதுங்களா? புடிங்க அக்கட்டால." ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, துணி துவைக்கும் டப்பில் வெந்நீர் ஊற்றிப் போட்டோம். பத்து நிமிஷத்தில் மேட் துவண்டது. எடுத்துச் சமதளத் தரையில் போட்டு, மேலே பலகை, அதன் மேல் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. மூட்டை மேல் கவிதா, கையில் வாரப் பத்திரிகை.

மாலை ஆறு மணிக்கு எடுத்தோம். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் தூக்கல். வேலைக்கு ஆகும்.

7 மே, ஞாயிறு

போத்தனூர் ஸ்டேஷன். சரோஜா கட்டிக்கொடுத்தவை: புளிசாதம், தயிர்சாதம், முறுக்கு, ஊறுகாய். ரயில் ஒரு மணி நேரம் லேட். கவிதா கடைசி நிமிஷம் காதருகில் வந்து, "நீலத் துணி நிறையப் போடுங்கப்பா" என்றாள்.

8 மே, திங்கள்

எங்கோ ஆந்திராவில். அனல் காற்று.

சீப்பு எடுக்கச் சூட்கேஸைத் திறந்தேன். முருகேசன் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சார், அது நம்ம டிராயிங் ஹால் மேட்டாட்ட இருக்குதுங்களே?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "சீட்டாடறதுக்கு."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அடடா! சொல்லவே இல்லீங்களே சார்!" பக்கத்து பெர்த் கணவன் மனைவியையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு சூட்கேஸ் மேல் மேட். நாள் முழுக்க ரம்மி. எனக்குச் சீட்டு பிடிக்கவே தெரியாது. எல்லா ஆட்டமும் தோல்வி. "மேட் வெச்சிருக்கறவரு இப்படி ஆடறாரே" என்று அந்த அம்மா.

11 மே, வியாழன்

பட்டறையில் கொடுத்த அறை பரவாயில்லை. ஒரு மேஜை, ஒரு விளக்கு. சாப்பாட்டில் சர்க்கரை, பருப்பில்கூட. சீரகம் இன்னும் பிரிக்கவில்லை.

மூன்று நாள் வீண். இனி ஒளிக்க நேரமில்லை. வேலை முடிந்து வந்ததும் மேட்டை மேஜையில் விரித்தேன். முருகேசன் சீட்டுக்கட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் துணியை எடுத்து வைத்தேன். சக்கரக் கத்தி. ஊசி டப்பா.

"சார், என்னங்க இது?"

சொல்லிவிட்டேன். ஊட்டி, ஹாஸ்டல், போர்வை, நாலு வருஷம், எல்லாம்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு கட்டத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். தையல் மேல் நகத்தை ஓட்டினார், ஷாஃப்டில் பிசிறு பார்க்கிற மாதிரி.

"நாலு மூலையும் ஒரே புள்ளில சேருதுங்களே. எத்தன பிசகு உடுவீங்க?"

"தையலுக்குக் கால் அங்குலம். அதுல நூல் அளவு மாறினாலும் கடைசிக் கட்டத்துல தெரிஞ்சுபோயிரும்."

"அதானுங்க. பம்புலயும் அதேதானுங்க."

பிறகு, அந்தச் சக்கரக் கத்தியைச் சித்தே கொடுங்க என்றார். ஒரு துண்டு வெட்டினார். கோணல். ஷாஃப்டில் கை அசையாத மனிதருக்குத் துணியில் அசைகிறது.

13 மே, சனி

முதல் பம்ப் உட்கார்ந்தது.

மதியம் முருகேசன் கம்பெனிக்கு ஃபோன் செய்து வேலை விவரம் சொல்லிவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. போர்வை விஷயத்தச் சொல்லிப்போட்டேனுங்க."

"யாருகிட்ட?"

"மேனேஜர்கிட்ட. ஸ்பீக்கர்ல இருந்துதுங்களாமா, ஆபீசே கேட்டுருக்குதுங்க. நாலு மூலையும் சேருதுன்னுதானுங்க சொன்னேன்."

நாலு வருஷம் காத்த ரகசியம் இரண்டே நாளில் அம்பலம். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்புதான் வந்தது. சாயங்காலம் பதினொரு கட்டம் அறுத்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

14 மே, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். வரிசைகள் இரண்டு முடிந்தன. நீலம் நிறையப் போட்டிருக்கிறேன்.

எஸ்.டி.டி. பூத்தில் கூட்டம். முருகேசனும் கூடவே வந்தார். வீட்டுக்குப் போட்டதும் கவிதா எடுத்தாள். "முடிஞ்சுருமாங்கப்பா?" "முடிஞ்சுரும் கண்ணு." கேன்டீன் வரை தெரிந்துவிட்டது என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

முருகேசன் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "அம்மணி, ரெண்டாவது வரிசைல ஒரு துண்டு கோணலா இருக்கும். அது அப்பா வெட்டினதில்ல கண்ணு, நான் வெட்டினது. அப்பா தூக்கிப் போடறேன்னாரு, நாந்தான் வெச்சுத் தைங்கன்னு சொல்லிப்போட்டேன். ஊட்டில அது மேல மட்டும் குளிரடிச்சா என்னையத் திட்டிக்கோ..."

ரிசீவர் எனக்குத் திரும்பி வரவே இல்லை.