பக்கத்து சீட்டு பிரேக்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. அது என்றைக்கு யார் பேச்சைக் கேட்டது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி கிளி பிடிக்காமல், மனசு தெளிவாக இருப்பாய் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். போன கடிதத்தில் நீ வேலை பார்க்கும் ஓட்டல் சலவைக்கூடத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாய், பெரிய விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று எப்படி மடிப்பது என்று படித்துவிட்டு நானும் அம்மாவும் முயன்று பார்த்தோம், யார் முனை தப்பு என்று பாதியில் சண்டை வந்து விரிப்பைச் சுருட்டி அலமாரியில் திணித்துவிட்டோம். நான் கேட்டிருந்த ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அந்த நாலு பக்கத்திலும் பதில் இல்லை. பரவாயில்லை, சுற்றி வளைத்து அங்கேயே வருகிறேன்.

நம் டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கிறார். ஊரார் பல்லையெல்லாம் கை நடுங்காமல் பிடுங்குகிற மனிதர், கியரைத் தொட்டால் மட்டும் வெலவெலத்துப் போகிறார். வலிக்காது சார், தைரியமா இழுங்க என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனி உன் மகள் கதைக்கு வருகிறேன். சுண்டு என்று நீ வைத்த செல்லப்பெயர்தான் நிலைத்துவிட்டது, பள்ளியில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஐந்து வயதை எட்டப் போகிறாள். அவள் சிரித்தால் வீடு சிரிக்கிறது, அவள் தூங்கவில்லை என்றால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சட்டைக் கழுத்தில் இருக்கும் சின்னத் துணி லேபிள் உரசினால் தேள் கொட்டியது போலக் கத்துகிறாள், அம்மா உட்கார்ந்து எல்லாச் சட்டையிலும் அதைப் பிரித்து எடுத்தாள். நேற்று நீலம் எது என்று டக்கென்று காட்டியவள் இன்றைக்கு நீலத்தை வீட்டுக்கு வந்த புது விருந்தாளி மாதிரி பார்க்கிறாள். ஷூ போடு, பையை எடு, வாசலுக்கு வா என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒரு காலில் ஷூவோடு வந்து நின்று சிரிக்கிறாள். டீச்சர் இதை அடம் என்றார், அம்மா செல்லம் கொடுத்த கோளாறு என்றாள், நானும் ஆமாம் போட்டேன்.

என் தொழில் புத்தி உனக்குத் தெரியுமே. விதியை வாயால் ஒப்பிக்காதவர்களிடம் நான் ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டேன், வாயில் வந்தால் காலில் வரும் என்பது என் கணக்கு. அதே கணக்கில் சுண்டுவுக்கும் பாடம் நடத்தினேன். தெருவுல கால் வெக்கக் கூடாது, பெரியவங்க கையப் பிடிச்சுக்கணும் என்று பாட்டு மாதிரி கற்றுக்கொண்டாள், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒப்பித்தாள், பல் டாக்டர் கைதட்டினார், எனக்கும் தலைகால் புரியவில்லை. போன மாதம் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வண்டியைப் பூட்டக் குனிந்தேன். அதே பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நேராகத் தெரு நடுவில் போய்விட்டாள். பால் வேன்காரர் எப்படித்தான் பிரேக் போட்டாரோ, அவர் என்னிடம் கற்றவர்கூட இல்லை. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவள் வேனுக்கு முன்னால் நின்றபடியே பாட்டை முடித்துவிட்டு, யாராவது கைதட்டுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அன்று நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, பல் டாக்டர்தான் வண்டியை ஓட்டி எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார் என்றால் பார்த்துக்கொள்.

மறுநாளே குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அந்த டாக்டரம்மா நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் சுண்டுவோடு உட்கார்ந்து கட்டை அடுக்கி வெகுநேரம் விளையாடினார். பிறகு, இது அடமே இல்லீங்க, சொல்லத் தெரியுது, அந்த நேரத்துல அது செய்கைக்கு வர மாட்டேங்குது, மூளை உருவாகும்போதே அந்தப் பாதை சரியா விழல போலிருக்கு என்றார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அம்மா மது குடித்தால் அது பிள்ளைக்கும் போய்ச் சேருமாம், அதைக் கழித்துத் தள்ள அந்தச் சின்ன உடம்புக்குத் தெம்பு இருக்காதாம். மறதி, தூக்கமின்மை, லேபிள் உரசினால் கத்துவது எல்லாம் அதனால் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரியாது, பெற்ற அம்மாவே சொன்னால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். உறுதியானால் பள்ளியில் சுண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லித்தர ஒரு டீச்சரும் தனிப் பயிற்சியும் கிடைக்கும், சின்ன வயதிலேயே ஆரம்பிக்கிறது நல்லது, தள்ளிப்போடாதீங்க என்றார். காய்ச்சல் போல இது குணமாகிவிடாதாம், ஆனால் எவ்வளவோ தூரம் கைகொடுத்துக் கூட்டிப் போகலாமாம். எங்க வண்டியில பக்கத்து சீட்டுலயும் ஒரு பிரேக் இருக்கும், படிக்கிறவங்க மறந்தா நான் மிதிப்பேன் என்றேன். அதேதாங்க இவளுக்கும் வேணும், ரொம்ப வருஷத்துக்கு வேணும் என்று சிரித்தார். இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம், செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். நான் வரைந்த ஷூ தவளை மாதிரி இருக்கிறது, இருந்தாலும் இரண்டு காலிலும் ஷூ ஏறுகிறது.

நீ எந்த மாதத்தில் எவ்வளவு குடித்தாய் என்று டாக்டர் கேட்டார், போன தடவை உனக்கு நான் எழுதிக் கேட்டதும் இதைத்தான். எனக்கு என்னம்மா தெரியும், அப்போது நீ அந்த மனிதரோடு வேறு ஊரில் இருந்தாய், கைக்குழந்தையோடு வந்து இறங்கிய பிறகுதான் பாட்டிலை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஊகமாகச் சொன்னேன், போதாது என்றார். யாரையும் குத்தவாளிக் கூண்டுல ஏத்த நான் கேக்கல, பிள்ளைக்கு என்ன தேவைன்னு பார்க்கத்தான் என்றார். எனக்கு உன் மேல் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன், இரண்டு நாள் உன் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நீ குடியை விட்டபோது பட்ட பாடு நினைவுக்கு வந்தது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, திட்டறதுக்கு நிறைய இருக்கு, நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லுங்க என்கிறாள். அவள் பாஷையில் அதற்கு டிக்கெட் எடு என்று அர்த்தம்.

சொல்லிவிட்டால் சுண்டு ஒரு நாள் உன்னை வெறுப்பாள் என்று பயந்துதான் நீ வாயைத் திறக்கவில்லை, அது எனக்குத் தெரியும். வெறுத்தாலும் வெறுக்கலாம். ஒரு நாள் உன் எதிரே வந்து நின்று ஏம்மா குடிச்சே என்று கேட்கட்டுமே. அப்படிக் கேட்க அவள் பழசை நினைவில் வைத்திருக்க வேண்டும், யோசித்து வார்த்தையைக் கோக்க வேண்டும், நீ பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். அந்த அளவுக்கு அவளைக் கொண்டுவரத்தான் இப்போது உன்னிடம் கெஞ்சுகிறேன்.

புதன்கிழமை காலையில் டாக்டரே போனை எடுப்பார், எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான் சுண்டுவோட அம்மா பேசறேன் என்று ஆரம்பி, மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். குறை ஒன்றும் வராமல் நன்றாக இரு, நேரத்துக்குத் தூங்கு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அப்பா