பதினொன்று பத்து காட்டும் மணிக்கூடுகள்

அப்பா,

குளிர்காலத் துணிகளை எடுக்க இன்று அலுமாரியின் மேல்தட்டைக் கிளறியபோது, உங்கள் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி வைத்த ஒரு கட்டு கிடைத்தது. தமிழ்க் கடையில் இனாமாகத் தரும் நாட்காட்டியின் தினத்தாள்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியவை. நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணம் இன்னும் அதில் இருக்கிறது. எல்லாம் 2009ஆம் ஆண்டுத் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் ஒரு மணிக்கூடு. எல்லா மணிக்கூடுகளிலும் நேரம் பதினொன்று பத்து.

மாசி மாதத் தாள்களில் எண்கள் ஒரு பக்கமாக நெரிந்துகொண்டு நிற்கின்றன. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருக்கிறது. போகப்போகத் திருந்திவிட்டன. கட்டிலில் இருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு அழுதேன், வேறென்ன செய்ய.

அந்த ஆண்டு நான் படித்துக்கொண்டிருந்தேன். மனநலப் பிரிவில் பன்னிரண்டு வருடம் தாதியாக வேலை செய்த பிறகு, நோயாளியை நானே பரிசோதித்து மருந்தும் எழுதிக்கொடுக்கும் தகுதிக்காக ஒரு சோதனை. அதன் செய்முறைப் பகுதியில் ஒருவருடைய நினைவாற்றலைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்க எனக்கு ஆள் தேவைப்பட்டது. அம்மா போன பிறகு இந்தக் குளிர் தேசத்தில், கிங்ஸ்பரி வீட்டில் இருந்தது நாம் இருவரும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையில் நீங்கள் நோயாளி ஆனீர்கள்.

எலுமிச்சை, திறப்பு, குதிரை என்று மூன்று சொற்கள் சொல்வேன். ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் ஒரு மணிக்கூடு வரைந்து அதில் பதினொன்று பத்தைக் காட்ட வேண்டும்.

"பஸ் டிப்போவில முப்பது வரியம் டைம் கீப்பரா இருந்தனான். எனக்கே மணிக்கூடு கீறப் பழக்குறியோ?" என்று சிரித்தீர்கள். ஆனால் அன்று கீறவில்லை. கண்ணாடி சரியில்லை, அடுத்த கிழமை பார்க்கலாம் என்று பென்சிலை வைத்துவிட்டீர்கள். மூன்று சொற்களில் குதிரையும் விட்டுப்போனது.

வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. சித்தப்பா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. எடுக்காத தொலைபேசிக்கு நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் எங்கள் சனத்தில் யார்தான் அடுப்பில் வைத்ததை மறக்கவில்லை? உங்கள் மறதியும் அந்தக் கவலைதான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தடுத்த கிழமைகளில் நீங்கள் தேறிவந்தீர்கள். சித்திரை பிறந்த பிறகு ஒன்றையும் தவறவிடவில்லை. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னீர்கள். மணிக்கூடும் சுத்தமாக வந்தது. நான் முழுப் புள்ளி போட்டுக் கைதட்டினேன். சொற்களையும் நேரத்தையும் ஒரு தடவையாவது மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வார்டில் வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் காது கிழியத் திட்டியிருப்பேன்.

மற்ற நேரங்களில் உங்களுக்கு என்னிடம் கிடைத்தது ஒரே பதில்தான். "மனோர் பார்க் முருகனிட்ட ஒருக்கா போவம் பிள்ளை" என்பீர்கள். சோதனை முடியட்டும் அப்பா. "தேத்தண்ணி ஆறுது, கொஞ்சம் இதில இரு" என்பீர்கள். சோதனை முடியட்டும் அப்பா.

புரட்டாதியில் நான் பாஸ் ஆனேன். நீங்கள் என் வாயில் சீனி போட்டீர்கள். இரண்டு கிழமை கழித்து நகரத்தின் மறுபக்கம், எட்மண்டனில் ஒரு பஸ் கராஜிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஏறிய பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறீர்கள். வீடு எங்கே என்று கேட்டால் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, உயரமான ஒரு டிரைவரிடம் அவருடைய வண்டி பத்து நிமிடம் பிந்திவிட்டதென்று தமிழில் கண்டித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த மனிதர் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு நினைவாற்றல் கிளினிக். டொக்டர் சொன்ன வேறு மூன்று சொற்களை மொழிபெயர்க்க வந்த பெண் தமிழில் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நீங்கள் நிமிர்ந்து இருந்து, "எலுமிச்சை, திறப்பு, குதிரை" என்றீர்கள். மணிக்கூட்டில் இரண்டே முக்கால் காட்டச் சொன்னார். அழகாக வரைந்து பதினொன்று பத்து காட்டினீர்கள். சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தீர்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏனப்பா எல்லாத்தையும் பாடமாக்கினனீங்கள்?"

"உன்ர பேப்பர் மேசையில கிடந்தது. பாத்துப் பாத்து எழுதினன்" என்றீர்கள். பிறகு என் கையைத் தட்டி, "நான் பிழை விட்டா நீ பெயில் எல்லோ, பிள்ளை" என்றீர்கள்.

உங்கள் விடைக்கும் என் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்று நான் அத்தனை ஞாயிறுகளில் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மேல் கோபமாக வந்தது. என் மேல் வந்த கோபத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

உங்கள் மறதி நோயைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் அப்பா. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எவ்வளவு காலம் தாங்கும், எப்போது தாங்காது, எல்லாம் நான் படித்துப் பாஸ் ஆன பாடம். சொந்தக்காரருக்கு மருந்து எழுதக் கூடாது என்பது விதி. எழுதினாலும் இந்த நோயை நிறுத்திவைக்கும் மருந்து ஒன்று கிடையாது. காலையில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் பூட்டிக்கொண்டு நிற்பீர்கள். கழற்றித் திரும்பப் பூட்டிவிடுவேன். இத்தனை படிப்புக்கும் என்னால் உங்களுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். கடைசி மாதங்களில் என் சீருடையைப் பார்த்து என்னை மிஸி என்று கூப்பிடத் தொடங்கினீர்கள், ஊர் ஆஸ்பத்திரியில் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல. நானும் ஐயா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஒருநாள் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது கரண்டியைத் தள்ளிவிட்டுக் கேட்டீர்கள்.

"மிஸி, என்ர மகள் ஒரு பெரிய சோதனைக்குப் படிக்கிறா. முடிஞ்சுதோ தெரியுமே?"

"ஓம் ஐயா, முடிஞ்சுது. பாஸ் பண்ணிட்டா."

உங்கள் முகம் மலர்ந்தது.

"அப்ப ஏன் இன்னும் என்னைப் பாக்க வரேல்லை?"

உங்கள் வாயைத் துடைத்துவிட்டேன். "வருவா ஐயா" என்றேன். நீங்கள் வாசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டீர்கள்.