பெரிய ஹோஸும் இருபத்திரண்டு படியும்

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எழிலரசனுக்கு அம்மா பாஞ்சாலி எழுதுவது. நானும் உன் தங்கச்சி கலைமணியும் இங்கே சுகமாக இருக்கிறோம், கத்தாரில் ஊர் நெருப்பையெல்லாம் அணைக்கிற நீ உன் சோற்றுப் பானையைத் தீயவிடாமல் சுகமாக இருக்க மணிமங்கலத்துப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் கலைமணி காதைக் கொடுத்துக் கேட்கிறாள், அதனால்தான் ஊறுகாயோடு இதையும், லீவு முடிந்து அங்கே திரும்புகிற வனமாமலையிடம் கொடுத்தனுப்புகிறேன். என் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே, உன் ரேங்க் கார்டில் முட்டைகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்ட அதே கைதான்.

கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற என்னையும் மீனம்மாளையும் தீயணைப்புக் குழுவில் சேர்த்ததைச் சொன்னேன் அல்லவா, லைனில் நிற்கிறவர்களை எடுத்தால் உற்பத்தி நின்றுவிடுமாம், துடைப்பம் நின்றால் ஒன்றும் நிற்காது. சேஃப்டி ஆபீசர் கோமதிநாயகம் சார் திருநெல்வேலிப் பக்கம், நல்ல மனுஷன், என்ன ஹோஸ் வாங்கலாம் என்று எங்களையே கேட்டார். நீ சொன்னதை ஒப்பித்தேன், மாடிக்கு இழுக்க மெலிசான ஹோஸ், திருகினால் பூவாகச் சிதறுகிற நாசில், பெரியது வெளியே நின்று அடிக்கத்தான் என்று. அவரும் எழுதிப் போட்டார். வந்தது நாலு பெரிய ஹோஸ், நேராகப் பீய்ச்சுகிற பித்தளை நாசில். ஆடிட்டில் அதுதான் எடுப்பாகத் தெரியுமாம். ஒருநாள் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், அது எங்களைத் தூக்கி அடித்தது, மீனம்மாள் குரோட்டன்ஸ் செடியில், நான் மீனம்மாள் மேல். ஷிப்டே சிரித்தது, நானும் சிரித்தேன், அவளுக்கு இன்னும் கை தூக்க வரவில்லை. நனைந்தால் காயப்போட இடமில்லை என்று இப்போது தண்ணீர் விடாமலே விரித்து, போட்டோ எடுத்து, சுருட்டிவிடுகிறோம். ஆயுத பூஜைக்கு நாசிலில் வைத்த சந்தனம் இன்னும் அழியவில்லை.

போன வாரம், கீழே லைனில் நின்ற கலைமணியை மாடிக்கு மாற்றிவிட்டார்கள், சீட்டுக்கு ஃபோம் வெட்டுகிற இடம், ஒரு பொறி போதும், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. மெலிசு ஹோஸ் ஒன்றாவது கேளுங்கள் என்று கோமதிநாயகம் சாரிடம் போய் நின்றேன். "மூணு தடவ எழுதிட்டேம்மா, இன்னொரு தடவ எழுதுனா என்னையத்தான் மாத்துவாவ" என்றார். கலைமணியிடம் வேலையை விட்டுவிடு என்றால், எங்கே போனாலும் இதே ஷெட்டுதான் என்கிறாள், அதுவும் நிஜம். நெருப்பு என்று காதில் விழுந்தால் எதையும் தொடாமல் கேட்டுக்கு ஓடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். "நீ இன்னா பண்ணுவ?" என்றாள். ஹோஸை விரித்துப் போட்டோவுக்கு நிற்பேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருடா கண்ணு. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. பெரிய ஹோஸ் என்னோடு மாடி ஏறாது, அதை விட்டுவிடு. வெறுங்கையோடு போனால் புகைக்குள் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் எழுது. படி இருபத்திரண்டு, தினமும் துடைக்கிறவள் நான்தான், கண் தெரியாவிட்டாலும் ஏறிவிடுவேன்.

உன் அம்மா,
கோ. பாஞ்சாலி