இடது கைக்குத் திருநீறு

உடையார்பாளையம்

பிரேமுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்க இன்று மனம் வரவில்லை, கோவாவில் நீ சுகமாக இருந்தால் சரி. போனில் பேசினால் சிரிக்கவைத்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கொல்லையில் முந்திரி இந்த வருஷம் பூவோடு கருகிப்போனது, உன் அக்கா மேகலா வந்துவிட்டுப் போனாள், அதெல்லாம் அப்புறம். கப்பலில் ஜெட் ஓட்ட நீ பெயர் கொடுத்திருப்பதற்கு என்னைச் சம்மதிக்கவைக்கச் சொல்லி, உன் அப்பாவோடு கடற்படையில் ஓட்டிய சிங்காரவேலுவைத் திருச்சியிலிருந்து அனுப்பிவைத்தாயே, வந்தார். வாங்கி வாங்கி நன்றாகத்தான் சாப்பிட்டார். கை கழுவியதும் இரண்டு பேருக்கும் பழைய கதை கிளம்பிவிட்டது. அவர்களுடைய ஜெட் கப்பலுக்கு மேலே அந்தரத்தில் நின்று நேராகக் கீழே இறங்குமாம். இடது கைக்கு ஒட்டி ஒட்டி இரண்டு கைப்பிடிகளாம், ஒன்று இன்ஜின் வேகத்துக்கு, இன்னொன்று அனல்காற்றைத் திருப்புவதற்கு, மாற்றித் தள்ளினால் போச்சாம். எனக்கு விளங்கவைக்கிறேன் என்று உன் அப்பா சோற்றுக் கரண்டியையும் குழம்புக் கரண்டியையும் குண்டானில் நிறுத்தி, சோற்றுக் கரண்டிதான் வேகம் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இறக்கிக் காட்டினார். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கடைசியில் வேகத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் குழம்புக் கரண்டியைத் தள்ளிவிட்டார். சிங்காரவேலு விழுந்து விழுந்து சிரித்து, "அன்னைக்கும் இதத்தான்டா தள்ளுன, கடல்லேருந்து உன்னத் தூக்குனப்பகூட" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கப்பல் படியில் வழுக்கி விழுந்தேன் என்று இத்தனை வருஷமாக உன் அப்பா சொன்னாரே, அந்தத் தாடைத் தழும்பு அன்றைக்கு வந்தது. ஜெட் கடலுக்குள் போக, இவர் இருக்கையோடு வெளியே தெறித்து விழுந்திருக்கிறார். நீ அப்போது என் வயிற்றில். வாயும் வயிறுமாக நான் கஞ்சி வைத்துக் கொடுத்து, இல்லாத படியைத் திட்டித் தீர்த்தேன். பிரேமுக்குத் தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தட்டை நகர்த்திவைப்பதோடு சரி, பேச்சில்லை.

உன் விமானத்தில் அந்த இரண்டாவது கைப்பிடியே இல்லை என்பாய். இல்லாமல் போகட்டும். உங்கள் மூன்று பேருக்கும் சிரிக்கத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரிந்தால் குடி முழுகியா போகும்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குப் புத்தி சொல்ல இனி இந்த வீட்டு வாசலுக்கு யாரையும் அனுப்பாதே. ஹெல்மெட் போட்டு முடி கொட்டுகிறது, எண்ணெய் வை. லீவு கிடைத்ததும் தனியாக வா. நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் முதல் போன் எனக்கு வரும், படிக்கட்டுக் கதை வராது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். அதுவரை முழு ஆசீர்வாதம் கிடையாது.

திருமழபாடித் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள்ளாதே. இடது கையில் பூசிக்கொள். அந்தக் கை மட்டும் நன்றாக இருக்கட்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
கமலவேணி