நான் சேர்த்த முடிவு

மாதா கோயில் பங்கு அலுவலகத்துப் பீரோவை ஒழித்தபோது உங்கள் கோப்பு கிடைத்ததாம். இன்று காலை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். பிரித்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசம். பழுப்புத் தாள்களில் நீல மையில் உங்கள் எழுத்து. அதன்மேல் சிவப்பில் என் வெட்டுகள்.

தருமபுரத்தில் உங்கள் தையல் கடையில் உட்கார்ந்தபடியே, ஞாயிறு பூசையில் படிக்கும் பைபிள் வாசகங்களுக்கு முன்னுரை எழுதுவீர்கள். வாசகம் படிக்குமுன் நீங்களே போய் நின்று, அதில் என்ன வருகிறது என்று ஐந்தாறு வரியில் சொல்வீர்கள். சனிக்கிழமை அதை நான் திருத்தித் தரவேண்டும். ஒருமுறை ‘உடன்படிக்கை’யை அடித்துவிட்டு ‘இரு தரப்பு ஒப்பந்தம்’ என்று எழுதினேன்.

"ஏண்ணே, பூசை கோயில்லயா, பத்திர ஆபீஸ்லயா?" என்று சிரித்தீர்கள். "மீன் விக்கிற அக்காவுக்குப் புரியலன்னா, எனக்கே புரியலன்னுதான் அர்த்தம்."

பிறகொரு வாரம், பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவனின் பகுதி. "ஏன் என்று அவன் கேட்கிறான். இங்கே பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை" என்று முடித்திருந்தீர்கள். முப்பது வருடம் செய்தி எழுதிய கை எனக்கு. முடிவில்லாத செய்தியை அரைகுறை என்றுதான் அது பார்க்கும். அந்த வரிகளை வெட்டிவிட்டு, "கடைசியில் அவனுக்கு மறுபடியும் பிள்ளைகள் பிறந்தார்கள், இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்தது" என்று சேர்த்தேன்.

"செலின் வருவாண்ணே" என்று தயங்கினீர்கள்.

"நம்பிக்கையா முடியட்டும்மா" என்றேன். செலினின் ஒரே மகன் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் மூழ்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தியை நான்கு வரியில் எழுதியவனும் நான்தான்.

ஞாயிறு பூசையில் நீங்கள் அதைப் படித்து முடித்ததும் மூன்றாம் வரிசையில் செலின் எழுந்தார்.

"திரும்பக் கெடச்சது அதே புள்ளைங்களாக்கா?"

குரலை உயர்த்தவில்லை. நடந்து வெளியே போனார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. எழுதத் தெரியாதவர்கள் எதற்கு எழுதவேண்டும் என்று கோயிலில் மற்றவர்கள் உங்கள் காதுபடப் பேசினார்கள். நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "இனிமே எழுதலண்ணே" என்று மட்டும் சொன்னீர்கள். போன தவக்காலத்தில் உங்களை அடக்கம் செய்த அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று கோப்பை மூடிவைத்துவிட்டு செலின் வீட்டுக்குப் போனேன். அன்று படித்த முடிவு என்னுடையது, உங்களுடையது அல்ல என்றேன்.

"அக்கா சொல்லவே இல்ல சார். வாரா வாரம் இங்க வருவாங்க. வேதம் ஒண்ணும் பேசமாட்டாங்க. எம்புள்ள என்ன சாப்புடுவான், யாரோட சண்ட போடுவான்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. அவங்க போனப்புறம் அவன் பேரச் சொல்லிக் கேக்க ஆளில்ல சார்."

இது எனக்குத் தெரியாது. வாரந்தோறும் என் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போயிருப்பீர்கள்.

பையனின் பெயரைச் சொல்லி ஏதாவது கேட்க நினைத்தேன். வயது நினைவிருந்தது, உடல் கரை ஒதுங்கிய நேரம் நினைவிருந்தது. பெயர் வரவில்லை. தலை குனிந்து அவரிடமே கேட்டேன். சொன்னார். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.